மாணிக்கத் தலைவனும் மூதாதையர் தேடலும்: முன்னேஸ்வரக் கரையோர வம்சக் கதைகள் பற்றிய ஒரு பரிசீலனை

வினா

சிலாபத்திலிருந்து குருணாகலை நோக்கிச் செல்லும் பாதையில், கடற்கரையிலிருந்து சிறிது உள்வாங்கி அமைந்திருக்கும் முன்னேஸ்வரத்தில் முன்னைநாதரும் வடிவாம்பிகையும் கோயில் கொண்டிருக்கின்றனர். அத்தலத்தைச் சூழ வடக்கே உடப்பு, புத்தளம், கற்பிட்டி வரையிலும், தெற்கே நீர்கொழும்பு வரையிலும் நீண்டு கிடக்கும் கரையோரத்தில், சைவராயினும் கத்தோலிக்கராயினும், தமிழ் பேசுவோராயினும் சிங்களம் பேசுவோராயினும், கரையார் குலத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒரே மாதிரியான ஐதிஹ்யம் ஒன்று வழங்கிவருகிறது. தம் முன்னோர் மீன்பிடிக்க வந்தவர் அல்லர்; கோட்டை இராச்சியத்து அரசனின் அழைப்பை ஏற்று, அக்கரையான தமிழகத்திலிருந்து படையாக வந்திறங்கி, முக்குவர் என்னும் சமூகத்தாரை வென்று, பரிசாகப் பெற்ற நிலத்தில் குடியமர்ந்த போர்வீரர் என்பதே அது. குருகுலசூரிய, வர்ணகுலசூரிய, மிகிந்துகுலசூரிய என்னும் வம்சப் பெயர்களைத் தாங்கிய குடும்பங்கள் அப்பெயர்களையே இதற்குச் சான்றாகக் காட்டுவதும் உண்டு.

இவ்வைதிஹ்யத்தைப் பொய் என்று ஒதுக்கிவிடுவோரும், அட்சரம் பிசகாத சரித்திரம் என்று பாராட்டுவோரும் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். ஆயின், ஒரு குறிப்பிட்ட குடும்பம் ஒரு குறிப்பிட்ட வீரனைத் தன் மூதாதை என்று சொல்லும்போது, அவ்வுரையின் எப்பகுதி ஆவணத்தால் தாங்கப்படுகிறது, எப்பகுதி ஆவணத்துக்கு எட்டாதது, எப்பகுதி ஆவணத்துக்கே முரணானது என்று பிரித்துப் பார்க்கும் பொறுமையான வேலையை இரு சாராரும் செய்வதில்லை. அந்த வேலையின் ஓர் ஆரம்ப முயற்சியே இக்கட்டுரை.

முக்கர ஹட்டன என்னும் ஏடு

ஐதிஹ்யத்தின் வேராகக் காட்டப்படுவது முக்கர ஹட்டன என்னும் சிங்கள ஏடு. இலங்கை சிவில் சேவையில் உத்தியோகம் பார்த்த ஹியூ நெவில் என்பவர் தம் வாழ்நாளில் திரட்டிய, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிகள் அவருடைய மறைவுக்குப் பின் 1904இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. இவ்வேடும் அத்தொகுதியில் இடம்பெற்று இன்று லண்டன் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. கொழும்பு அருங்காட்சியகத்தில் இனவியலாளராக இருந்த எம். டி. ராகவன், கராவ (கரையாரின் சிங்களப் பெயர்) சமூகத்தைப் பற்றி 1961இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எடுத்தாண்ட பின்பே, அது பொது வாசகரின் கவனத்துக்கு வந்தது எனலாம்.

ஏட்டின் கதை சுருக்கமானது. முக்குவர் புத்தளக் கரையைப் பிடித்துக்கொண்டு கோட்டையமைத்து வலுப்பெறுகின்றனர். ஆறாம் பராக்கிரமபாகு மன்னன் காஞ்சிபுரம், காவேரிப்பட்டினம், கீழக்கரை ஆகிய மூன்று இடங்களிலிருந்து படை வரவழைக்கிறான். 7,740 பேர் கொண்ட அச்சைனியம் புத்தளக் கோட்டையை மூன்று மாதம் முற்றுகையிட்டுப் பிடிக்கிறது. படைத்தலைவர்களுள் ஒருவனான மாணிக்கத் தலைவன் போரில் வீழ்கிறான். வென்றவர்களுக்கு அரசன் நீர்கொழும்புப் பகுதியில் நிலமும் கொடி விருதுகளும் வழங்கிக் குடியமர்த்துகிறான்.

இவ்வேட்டை வரலாற்று ஆதாரமாகக் கொள்வதற்கு முன் இரண்டு விஷயங்களை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, போர் நடந்த காலத்தில் போரைக் கண்டவன் எழுதிய குறிப்பு அன்று இது. வென்ற தரப்பின் சந்ததியார், தமக்குக் கிடைத்த நிலத்துக்கும் விருதுக்கும் காரணம் கூறும் பொருட்டுப் பேணிய ஏடு. உரிமைக் கோரிக்கையின் பிரமாணமாக எழுந்த எழுத்து, அந்த உரிமைக்கு வேண்டியதை வலியுறுத்தும்; வேண்டாததை விட்டுவிடும். இரண்டாவது, பனையோலை இவ்வெப்ப நாட்டில் நூற்றாண்டுக் கணக்கில் தாங்குவதில்லை. பிரதி செய்து பிரதி செய்தே ஏடுகள் நம்மை வந்தடைந்தன. ஒவ்வொரு பிரதியிலும், அதை எழுதச் செய்தவனின் குடும்பப் பெயர் படைத்தலைவர் வரிசையில் ஏறிக்கொள்ள இடம் உண்டு. படைத்தலைவர் பெயர்களோடு ‘அடப்பன்’, ‘முதியான்சே’ முதலிய பட்டங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் விதத்தைக் காணும் எவருக்கும் இந்தச் சந்தேகம் எழாமல் இராது.

எனினும், 7,740 என்ற எண் என்னைச் சிந்திக்க வைக்கிறது. புராணக் கதைகளின் எண்கள் ஆயிரமும் பதினாயிரமும் இலட்சமுமாகப் பெருகுவதே வழக்கம். இவ்வாறு சில்லறையாக நிற்பதில்லை. கூலிப்படைக்குப் படியளந்தவனின் கணக்கேட்டை நினைவூட்டும் எண் இது. இது அனுமானமே, ஆனால் ஏட்டின் அடியில் பழைய சரக்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்று கருதுவதற்கு, அதன் வீரவருணனைகளைக் காட்டிலும் இந்த எண் அதிகம் உதவுகிறது.

சாசனங்கள் கூறுவதும் கூறாததும்

ஏட்டில் வரும் அரசன் கற்பனைப் பாத்திரம் அல்லன். ஆறாம் பராக்கிரமபாகு கோட்டையிலிருந்து நெடுங்காலம் ஆண்டு, 1450ஐ ஒட்டி, தன் வளர்ப்பு மகனாகிய செண்பகப் பெருமாளை அனுப்பி யாழ்ப்பாண இராச்சியத்தை வென்றவன். தீவு முழுவதையும் ஒரு குடைக்கீழ் கொணர்ந்த சுதேச மன்னர்களில் கடைசியானவன். அவனுடைய சாசனம் ஒன்று முன்னேஸ்வரக் கோயிலிலேயே இருக்கிறது. ஆட்சியின் 38ஆம் ஆண்டில் கோயிலுக்கும் அதன் அர்ச்சகர்க்கும் வயல்நிலங்களை உறுதிசெய்து கொடுத்ததை அது பதிவு செய்கிறது. ஆக, யாழ்ப்பாணப் போர் நடந்த அதே காலப்பகுதியில், வடக்கு நோக்கிப் படை செல்லும் வழியில் அமைந்த இக்கரையோரத்தில் இவ்வரசன் நிலங்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்தான் என்பதற்குக் கல்லே சாட்சியாக நிற்கிறது.

ஆனால் இச்சாட்சி எதுவரை செல்லும் என்பதில் எச்சரிக்கை வேண்டும். கோயில் நிலங்களைப் பற்றிய சாசனம் படைவீரர் குடியேற்றத்தைப் பற்றிப் பேச வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, பேசவும் இல்லை. குடும்ப வரலாறு எழுதுவோர் சிலர், ‘அரசன் முன்னேஸ்வரத்துக்கு நிலம் கொடுத்தது உண்மை, ஆகவே எம் முன்னோர்க்கு நீர்கொழும்பில் நிலம் கொடுத்ததும் உண்மை’ என்று வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். ஒரே அரசன் இரண்டு தானங்களைச் செய்திருக்கக் கூடும் என்பதற்கு மேலாக இவ்வாதம் எதையும் நிறுவுவதில்லை. சிங்கள வரலாற்று நூலான இராஜாவலியவும் இந்த ஆட்சியின் போர்களைச் சொல்லும்போது செண்பகப் பெருமாளையே நாயகனாக்குகிறது. கறுவாக் கப்பலைக் கவர்ந்த அக்கரைத் தலைவன் ஒருவன் மீது கோட்டை அரசன் படையெடுத்ததையும் அது குறிப்பிடுகிறது. இரு கரைக்கும் இடையே படையும் பகையும் வாணிபமும் போக்குவரத்தாக இருந்தன என்னும் பின்னணியை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட ஒரு வீரனுடைய பெயரை அதில் தேடுதல் வீண்.

கரையார் படைத்தொழில் புரிந்தனர் என்னும் பொதுச் செய்திக்கு இதைவிட வலுவான பிரமாணம் பகைவரின் எழுத்தில் கிடைக்கிறது. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின், தஞ்சை இரகுநாத நாயக்கரின் உதவியோடு அவர்களை எதிர்த்த வருணகுலத்தான் என்னும் கரையார் தலைவனையும் அவன் படையையும் பற்றி, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய இயேசு சபைத் துறவி கேய்ரோஸ் விவரிக்கிறார். தம் தரப்பை எதிர்த்தவர்களின் வீரத்தைப் புகழ்ந்து அவருக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை. அதனாலேயே, வென்றவனின் வம்ச ஏட்டுக்கு இல்லாத நம்பகம் அவர் எழுத்துக்கு இருக்கிறது.

செண்பகப் பெருமாளின் தந்தை

குடும்பக் கதைகளில் ஒரு படி மேலே சென்று, போரில் இறந்த மாணிக்கத் தலைவனின் மகனே செண்பகப் பெருமாள், அவனையே அரசன் வளர்ப்பு மகனாக ஏற்றான் என்போரும் உளர். அது உண்மையாயின், பின்னர் ஆறாம் புவனேகபாகு என்னும் பெயரோடு கோட்டைச் சிம்மாசனம் ஏறியவன் இக்கரையோரக் குடும்பங்களின் இரத்த உறவினன் ஆகிவிடுவான். இக்கூற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படுபவர் போர்த்துக்கேய வரலாற்றாசிரியரான தியோகோ தோ கூத்தோ; செண்பகப் பெருமாளின் தந்தை அக்கரையிலிருந்து வந்த ஒரு பணிக்கன் என்று அவர் எழுதுகிறார். பணிக்கன் என்பவன் படைக்கலப் பயிற்சி அளிப்பவன், யானைப் பயிற்சியில் வல்லவன் என்றெல்லாம் பொருள்படும் நிலையில், அக்கரையிலிருந்து வந்தவன் என்னும் ஒற்றுமையைத் தவிர, கூத்தோவின் பணிக்கனுக்கும் ஏட்டின் மாணிக்கத் தலைவனுக்கும் பொதுவானது எதுவும் இல்லை. பெயரில்லாத ஒருவனையும் பெயருள்ள ஒருவனையும் ஒன்றாக்கிவிடும் இந்த உத்தி, வம்சாவளி எழுதுவோரிடம் உலகெங்கும் காணப்படும் பழைய வழக்கம். இரண்டு ஆதாரங்கள் ஒன்றையொன்று தாங்குவதாகத் தோன்றினாலும், இங்கே ஒவ்வொன்றும் மற்றதன் வெற்றிடத்தையே நிரப்புகிறது.

பெயரும் பட்டமும்

வம்சப் பெயரே ஆதாரம் என்னும் வாதம் மேலெழுந்தவாரியாகக் கவர்ச்சியானது. ஆனால் இக்கரையோரத்தில் வம்சப் பெயர் ஒரு தந்தையின் சந்ததியை மட்டும் குறிக்கும் அடையாளமாக இருந்ததில்லை; ஒரு துறையைச் சேர்ந்த பல குடும்பங்கள் ஒரே பெயரைத் தாங்குவதும், ஞானஸ்நானத்தின்போதோ, விவாகத்தின்போதோ, பதவி ஏற்கும்போதோ பெயர் விரிவடைவதும் இயல்பு. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இலங்கைச் சாதிகள் தத்தம் மேன்மையை நிறுவத் துண்டுப் பிரசுரங்களால் ஒன்றோடொன்று மோதிக்கொண்டபோது, கரையோரத்து வம்சப் பெயர்களுக்குப் பாரதப் போர் வரையில் விளக்கங்கள் எழுந்தன. இப்போட்டியின் சமூகப் பின்னணியை மைக்கேல் றொபர்ட்ஸ் 1982இல் வெளியிட்ட, கராவ மேல்வர்க்கத்தின் எழுச்சி பற்றிய நூலில் ஆராய்ந்திருக்கிறார். இன்று பாட்டன் வாய்மொழி என்று குடும்பங்களில் சொல்லப்படுவதில் ஒரு பகுதி, பாட்டன் வாலிபனாயிருந்த காலத்தில் அச்சேறிய பிரசுரத்திலிருந்து அவன் படித்தது என்பதை மறந்துவிடலாகாது. வாய்மொழி எழுத்துக்கு முந்தியது என்ற நம் நினைப்பு இவ்விடத்தில் தலைகீழாகிறது.

பட்டங்களின் நிலை வேறு. பட்டங்கட்டி, அடப்பன், அண்ணாவி என்பன இக்கரையோரக் குடும்பங்களில் வழிவழியாக வழங்கும் பட்டங்கள். பட்டங்கட்டி துறைமுகத்தின் தலைவன்; மீன்வரிக்கும் முத்துக்குளிப்புக்கும் அரசிடம் பொறுப்பேற்றவன். அண்ணாவி கோயிற் காரியங்களிலும் கூத்திலும் முதன்மை பெற்றவன். ஆகவே, பட்டங்களை வைத்து மூதாதையைத் தேடுவோர்க்குப் பெரும்பாலும் கிடைப்பவன் வாளேந்திய வீரன் அல்லன். வரியும் வழிபாடும் பார்த்த ஊர்த்தலைவன். ஈ. டபிள்யூ. பெரேரா 1916இல் பதிப்பித்த சிங்களக் கொடிகள் பற்றிய நூலில் கராவக் குடும்பங்களின் கொடிகள் காணப்படுகின்றன. அவை அக்குடும்பங்கள் விருதுரிமை பாராட்டியதைக் காட்டுகின்றன. எந்த நூற்றாண்டில், எந்தச் செயலுக்காக அவ்வுரிமை வந்தது என்பதைக் கொடித்துணி சொல்லாது.

தோம்பும் திருச்சபைப் பதிவும்

பெயரோடும் வயதோடும் உறவுமுறையோடும் ஒரு குடும்பத்தை முதன்முதலாக நம் கண்முன் நிறுத்தும் ஆவணம் ஒல்லாந்தரின் தோம்பு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தக் கம்பெனி, தன் ஆட்சிக்குட்பட்ட கரையோர மாகாணங்களில் குடித்தோம்பு, நிலத்தோம்பு என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு குடும்பத் தலைவன், அவன் மனைவி மக்கள், அவன் அனுபவிக்கும் நிலம், அதற்காக அவன் செய்யக் கடமைப்பட்ட ஊழியம் என்பவற்றை எழுதி வைத்தது. பள்ளிக்கூடங்களோடு இணைந்த திருச்சபைத் தோம்புகளில் ஞானஸ்நானமும் விவாகமும் பதிவாயின. அவற்றுள் பெரும்பகுதி கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

இங்கே முன்னேஸ்வரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்து, மறு ஆண்டு கற்பிட்டியில் காலூன்றினர். எனினும் சிலாபமும் புத்தளமும் கண்டி அரசனின் உரிமைக்குட்பட்ட கரையாகவே நீடித்தன. கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் 1753இல் முன்னேஸ்வரக் கோயிலுக்குச் செப்பேடு வழங்கியது இவ்வுரிமையின் வெளிப்பாடே. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையில்தான் கண்டி அரசன் தீவின் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஆகவே நீர்கொழும்புக் குடும்பம் ஒன்றுக்கு எதிர்பார்க்கத்தக்க ஆவணத் தொடர்ச்சியை அதே வம்சப் பெயர் தாங்கிய சிலாபக் குடும்பம் ஒன்றுக்கு எதிர்பார்த்தல் நியாயமன்று. மறுபுறம், ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் இலங்கைக்கு வந்த யோசேப் வாஸ் முனிவரும் அவரைத் தொடர்ந்து வந்த கோவாக் குருமாரும் கண்டி அரசனின் எல்லைக்குள் ஒப்பீட்டளவில் தடையின்றி நடமாட முடிந்தது. ஒல்லாந்தர் எல்லைக்குள் வாழ்ந்தவனோ, தன் பிள்ளைக்குச் சொத்துரிமை வேண்டிக் கம்பெனியின் திருச்சபையில் விவாகத்தைப் பதிவு செய்துவிட்டு, தன் ஆன்மாவின் பொருட்டு மறைவாகக் கத்தோலிக்கக் குருவிடமும் ஆசி பெற்றான். ஒரே மனிதன் இரண்டு இடங்களில் இரண்டு பெயர்களோடு தோன்றுவதற்கும், அவனை இரு மூதாதையராக எண்ணி வம்சாவளியில் ஒரு தலைமுறை கூடிவிடுவதற்கும் இதுவே காரணம்.

இத்தோம்புகளில் இராணுவ மூதாதை ஒருவன் உண்மையில் அகப்படுகிறான். அவன் மாணிக்கத் தலைவனின் படைவீரன் அல்லன், லஸ்கரின். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து ஒல்லாந்தர் காலம் வரை, ஆராச்சி, முகாந்திரம், முதலியார் என்னும் உத்தியோகத்தரின் கீழ்க் குழுக்களாக அமைந்து, காவலுக்கும் தூதுக்கும் போருக்கும் சென்ற சுதேசப் படைஞன் அவன். சம்பளத்துக்கு ஈடாக நிலம் பெற்றமையால் அவன் பெயர் நிலக்கணக்கில் ஏறியது. குடும்பக் கதையில் ‘அரசன் போருக்காகக் கொடுத்த நிலம்’ என்று வருவது, பல இடங்களில், கோட்டை அரசன் கொடுத்தது அன்று. கம்பெனி ஊழியத்துக்காக விட்டுக்கொடுத்த மானிய நிலம் என்பதே என் அபிப்பிராயம். இரண்டிலும் அடிப்படை ஒன்றே: படைத்தொழில், பரிசு, நிலம். மூன்று நூற்றாண்டு இடைவெளி சுருங்கி, அண்மையில் வாழ்ந்த லஸ்கரின் தொலைவில் வாழ்ந்த தலைவனின் உடையை அணிந்துகொண்டான். பாட்டனுக்குப் பாட்டன் ஒல்லாந்தன் கீழ் ஊழியம் செய்தவன் என்று சொல்வதில் பெருமை குறைந்துவிட்ட ஒரு காலத்தில் இம்மாற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும்.

ஒப்பீட்டுக்காக இலங்கை மலாயரை நோக்கலாம். ஒல்லாந்தர் படையிலிருந்த மலாயரை ஆங்கிலேயர் தம் படையில் சேர்த்துக்கொண்டனர். அப்படை பின்னர் இலங்கை ரைபிள் படை என்னும் பெயரோடு 1873 வரை நீடித்தது. இவர்களுடைய வரலாற்றைப் பி. ஏ. ஹுசைன்மியா 1990இல் வெளியிட்ட நூலில் படைப்பதிவுகளை ஆதாரமாகக் கொண்டு எழுத முடிந்தது. ஆங்கிலப் படைகளின் ஆள்பட்டியல்களும் சேவை நீங்கிய வீரரின் பத்திரங்களும் இன்று லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒல்லாந்தக் கம்பெனியின் கப்பல்களில் வந்தவர்க்கு ஹேக் நகரில் ஊதியப் பேரேடுகள் உள்ளன. பரங்கிக் குடும்பங்கள் பல, தம் முதல் மூதாதை எந்தக் கப்பலில், எந்த ஊரிலிருந்து, என்ன சம்பளத்துக்கு வந்தான் என்பதை அவற்றிலிருந்து அறிகின்றன. பணம் வாங்கியவனைக் கம்பெனி எழுதி வைத்தது. நிலம் வாங்கியவனை நிலத்தோடு சேர்த்தே எழுதியது. கரையாரின் இராணுவ வரலாறு நிலக்கணக்குக்குள் புதைந்து கிடப்பதன் காரணம் இதுவே.

இருபது தலைமுறைக் கணக்கு

1450க்கும் இன்றைக்கும் இடையே ஏறத்தாழ இருபது தலைமுறைகள். தாய்வழி தந்தைவழி இரண்டையும் எண்ணினால், இருபதாம் படியில் ஒருவனுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மூதாதையர் இடங்கள் உண்டு. அக்காலத்தில் இக்கரையோரத்தில் வாழ்ந்த ஜனங்களின் தொகையை விட அது எத்தனையோ மடங்கு பெரிது. ஆகவே ஒரே மனிதர் பல வழிகளாலும் திரும்பத் திரும்ப மூதாதையராகின்றனர். தமக்குள்ளேயே பெண் கொண்டு கொடுத்து வந்த ஒரு சமூகத்தில், அக்காலப் படைவீரருள் எவன் சந்ததி தழைத்ததோ, அவன் இன்று அச்சமூகத்தார் ஏறக்குறைய அனைவருக்கும் மூதாதை ஆகிவிடுகிறான். அப்படியாயின், ‘நாங்கள் அப்படைவீரரின் வழித்தோன்றல்’ என்னும் கூற்று பெரும்பாலும் சரி. ஆனால் அடுத்த வீட்டுக்காரனுக்கும் அதே அளவு சரி. குடும்பங்கள் உண்மையில் கோருவது வழித்தோன்றலை அன்று, தந்தைவழி முதன்மையை. திருவிழாவில் முதல் மாலை, கொடியேற்றத்தில் முதல் இடம், திருமணத்தில் முன்வரிசை ஆகியவற்றை. அந்த ஒற்றை நூலையோ எந்த ஆவணமும் 1450 வரை பின்தொடர்வதில்லை.

உடப்பும் எதிர்த்தரப்பும்

இவ்விடத்தில் உடப்பை நினைவுகூர்தல் பொருத்தமாகும். முன்னேஸ்வரத்துக்கு வடக்கே உள்ள அக்கிராமத்தில் தமிழ் பேசும் சைவக் கரையார், திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதிப்போடு, தம் பாரம்பரியத்தைப் பேணி வருகின்றனர். அவர்களுடைய ஐதிஹ்யத்தில் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்து குடியேறியவர்கள். மாணிக்கத் தலைவனுக்கு அதில் முதன்மை இல்லை. ஒரே குலம், ஒரே கரை, சில காதத் தொலைவு. எனினும் மூதாதைக் கதை வேறு. நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் இடைப்பட்ட கத்தோலிக்கக் கரையார், கல்வியாலும் திருச்சபை மொழியாலும் 20ஆம் நூற்றாண்டில் வேகமாகச் சிங்களத்துக்கு மாறியபோது, சிங்கள ஏட்டில் உள்ள, சிங்கள அரசனுக்காகப் போரிட்ட கதை அவர்களுக்கு நெருக்கமாயிற்று. தமிழோடு நின்ற உடப்பாருக்கு இராமநாதபுரமே போதுமானதாயிருந்தது.

தோற்றதாகச் சொல்லப்படும் முக்குவர் புத்தளத்தை விட்டு ஒழிந்துபோனதாகவும் தெரியவில்லை. கற்பிட்டியில் 1807இல் பிறந்து, மணியகாரராகவும் பின்னர் சிலாபத்தில் நீதிபதியாகவும் கடமையாற்றிய சைமன் காசிச்செட்டி, 1834இல் வெளியிட்ட இலங்கை இடவிவர அகராதியிலும் பிற எழுத்துகளிலும் இம்மாவட்ட ஜனங்களைப் பற்றி எழுதியபோது, முக்குவர் இங்கே உரிமைகளோடு வாழும் சமூகமாகவே இருந்தனர். முற்றாகத் தோற்கடிக்கப்பட்ட பகைவன் நாலு நூற்றாண்டு கழித்தும் அதே இடத்தில் தலைமைக்காரனாயிருப்பது, போரின் முடிவு ஏடு சொல்லுமளவுக்குத் தீர்மானமானதன்று என்பதையே காட்டுகிறது. முக்குவர் குடும்பங்களின் நிலப்பத்திரங்களையும் கரையார் தோம்புகளையும் ஒரே மேசையில் வைத்து, எந்த வயல், எந்தக் கடல்துறை, எந்தக் காலத்தில் யார் கையில் இருந்தது என்று ஒப்பிடும் ஆராய்ச்சி இனிமேல்தான் செய்யப்பட வேண்டும். அதுவரை, வம்சாவளிப் படம் எழுதும் குடும்பத்தார் தோம்பில் காணும் லஸ்கரினை முதலாம் தலைமுறையாக எண்ணி, மாணிக்கத் தலைவனை எண்ணில்லாமல் படத்தின் விளிம்பில் குறித்துக்கொள்ளலாம்.